தொலைபேசி ஊமையானால்

தோழியரே, பழைய தொலைபேசிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் செம்புக் கம்பி வழியே நிலையத்திலிருந்தே வந்தது. வீடு இருண்டாலும் பேசலாம். இணையவழித் தொலைபேசி அப்படியன்று. மல்லசமுத்திரத்தில் மின்சாரம் நின்றால் அதன் பெட்டியும் அணையும். நள்ளிரவில் 108-ஐ அழைக்க அதனால் இயலாது. ஆகவே பெட்டியை இன்வெர்ட்டரோடு இணைப்பது நலம்.

மின்சாரம் இருந்தும் பேச முடியவில்லையா? ரிசீவரை எடுத்துக் கேட்போம். டயல் டோனைத் தருவது நிலையமன்று, பெட்டியே. டோன் இல்லையெனில் கம்பியைப் பார்ப்போம்; இணையத் துளையிலும் அது நுழைந்துவிடுமாதலால் இடம் மாறுவதுண்டு. எல்.ஓ.எஸ். விளக்கு சிவந்திருந்தால் கண்ணாடியிழையில் ஒளி வரவில்லை. புகார் செய்வதன்றி வேறு வழியில்லை.

டோன் வந்தும் கைபேசிக்கு அழைப்பு போகவில்லையா? 2021 ஜனவரி 15 முதல் வீட்டுத் தொலைபேசியில் கைபேசி எண்ணுக்கு முன் 0 சேர்க்க வேண்டும். பாட்டிமார் இதை மறப்பது இயல்பே! 108-க்கு 0 வேண்டாம்.