கண்டாச்சிபுரத்திலிருந்து டிராக்குக்கு: டயர் மாற்றப்போகும் தம்பிக்கு



கண்டாச்சிபுரத்தில் இருந்துகொண்டு இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் பைக் ஓட்டிப் பழக ஆசைப்படும் உனக்கு, டயர் மாற்ற வேண்டிய நாள் வரும்போது ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கடைக்காரர் நெடுநாள் உழைக்கும் டயரை எடுத்துக் காட்டுவார். டிராக்கில் பழக்கமானவர்கள், கிடைப்பதிலேயே மென்மையான ரப்பரை வாங்கச் சொல்வார்கள். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒரே ஜோடி டயரில் ரோட்டிலும் டிராக்கிலும் ஓட்டப்போகிறவன் நீ. உனக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: டயரை ரோட்டுக்காக வாங்கு, அதிலும் மழை பெய்யும் ரோட்டுக்காக வாங்கு. டிராக்குக்கு வேண்டியதைக் காற்றழுத்தத்திலிருந்தும் உன் கையிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் தூரக் கணக்கைப் பார். விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்ச் சேர 150 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். திரும்பி வரவும் அதே தூரம். 1990இல் திறக்கப்பட்ட அந்த டிராக்கின் முழுச் சுற்று 3.7 கிலோமீட்டர். ஒரு செஷனுக்கு எட்டுச் சுற்று என்று வைத்தாலும் 30 கிலோமீட்டர்தான் வரும். நான்கு செஷனுக்கு 120. ஆக, டிராக்குக்கென்றே புறப்பட்ட நாளில்கூட டயர் பாதிக்கு மேல் ரோட்டில்தான் ஓடுகிறது. மற்ற நாட்களைச் சொல்லவே வேண்டாம். நேரான ரோட்டில் டயரின் நடுப்பட்டைதான் தரையைத் தொடும், அதுதான் தேயும். மென்மையான டயரென்றால் சில மாதத்தில் நடு தட்டையாகிவிடும். ஓரத்தில் ரப்பர் புதிதாகவே இருக்கும். அந்தத் தட்டையிலிருந்து ஓரத்துக்குப் பைக்கைச் சாய்க்கும்போது நடுவில் ஒரு விளிம்பைத் தாண்ட வேண்டியிருக்கிறது. முதலில் சாய மறுக்கும், பிறகு சட்டென்று விழும். வளைவில் நம்பிக்கையைக் கெடுப்பதில் ரப்பரின் கடினத்தைவிட இந்தத் தேய்ந்த வடிவம்தான் பெரிய எதிரி. நடுவில் கடினமும் ஓரத்தில் மென்மையுமாக இரண்டு வகை ரப்பர் வைத்துச் செய்யும் டயர்கள் இதற்காகவே வந்தவை. உன் அளவில் அப்படி ஒன்று கிடைத்தால் அதையே முதலில் பார்.

அடுத்தது சூடு. ரேஸ் டயரின் ரப்பர், நன்றாகச் சூடேறிய பிறகுதான் தரையைப் பிடிக்கும்படி செய்யப்பட்டது. பந்தயத்தில் வண்டி புறப்படும் முன்பே டயருக்கு மின்போர்வை சுற்றிச் சுமார் 80 டிகிரிக்குக் கொண்டுபோவது அதனால்தான். திண்டிவனம் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நேராகப் போகும் வண்டியின் டயர் அந்தச் சூட்டை எட்டாது. எட்டாத ரப்பர் பிடிப்பில் சாதாரண டயரைவிடக் கீழே இறங்கிவிடும். பட்டனே இல்லாத ஸ்லிக் டயரின் பக்கவாட்டில், நெடுஞ்சாலைக்கு உரியதல்ல என்று தயாரித்தவர்களே அச்சிட்டுக் கொடுப்பது ஒப்புக்காக அல்ல. ஒருமுறை பந்தயத்தில் ஓடிக் கழித்த டயர் மலிவாக வருகிறது என்று யாராவது நீட்டினால் அதையும் வாங்காதே. சூடேறி ஆறி, மறுபடி சூடேறி ஆறிய ரப்பர் உள்ளுக்குள் இறுகிப்போகும். பார்வைக்குப் பட்டன் ஆழமாகத்தான் தெரியும். பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது.

நம் பக்கத்து ரோட்டை நினைத்துப் பார். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் தானியம் காயும். கரும்பு டிராக்டர் போன வழியில் தோகை கிடக்கும். கல்குவாரி லாரி திரும்பும் இடமெல்லாம் பொடி ஜல்லி. இவற்றின் மேல் எந்த டயரும் மாயம் செய்யாது என்றாலும், குளிர்ந்த நிலையிலேயே பிடிப்புக் கொடுக்கும் ரப்பர் ஓட்டுபவனுக்குக் கொஞ்சம் அவகாசம் தரும். அதற்கு மேல் வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் எந்த டயரும் ஓடாது, ஓட்டவும் கூடாது. ஆனால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எந்த மாலையிலும் நெடுஞ்சாலையில் அரை விரல் தண்ணீர் நிற்கக்கூடிய மாவட்டம் இது. அந்தத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது பட்டனின் பள்ளங்கள். ஈரத்தில் பிடிப்பது சிலிக்கா கலந்த ரப்பர். டிராக்கை மட்டும் மனதில் வைத்துச் செய்த டயரில் பள்ளங்கள் குறைவு, ஓரத்தில் அறவே இருக்காது.

ரோட்டு டயரை டிராக்கில் சாய்த்தால் வழுக்காதா என்று நீ கேட்பாய். இது பொருட்படுத்த வேண்டிய கேள்வி. அப்பாச்சி ஆர்ஆர் 310இன் 2020 மாடலை எடுத்துக்கொள். பந்தய வடிவில் வந்த அந்த வண்டிக்கு டிவிஎஸ் பொருத்திய மிச்சலின் ரோடு 5, தொலைதூரப் பயணத்தையும் மழையையும் முன்னிட்டுச் செய்யப்பட்ட ரேடியல் டயர். 150இலிருந்து 300 சிசி வரையுள்ள வண்டியின் சக்தி, நல்ல ரேடியல் டயரின் பிடிப்பை உலர்ந்த டிராக்கில் எளிதில் மீறிவிடாது. பழகும் காலத்தில் நேரத்தைத் தின்பது பிரேக்கை எங்கே விடுகிறாய், பார்வையை எங்கே வைக்கிறாய் என்பவைதான். உண்மையில் அங்கே கவனிக்க வேண்டியது காற்று. 30 டிகிரியில் 30 பிஎஸ்ஐ வைத்த டயர் 60 டிகிரிக்குச் சூடேறினால் உள்ளே 34க்கு மேல் போய்விடும். டயர் உப்பும், தரையைத் தொடும் பரப்பு சுருங்கும், வழுக்கும். உடனே குற்றம் டயரின் பெயர்மேல் விழும். சொந்தமாக ஒரு மீட்டர் வாங்கி வைத்துக்கொள். ஒவ்வொரு செஷன் முடிந்ததும் சூட்டோடு அளந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு.

மாதம் தவறாமல் டிராக்குக்குப் போகிறேன், நேரத்தை எண்ணி ஓட்டுகிறேன் என்கிற கட்டம் வந்தால் நான் சொன்னது பொருந்தாது. அப்போதும் விடை நடுவாந்தரமான ஒரு மென்மை டயர் அல்ல. தனியாக இரண்டு ரிம், அதில் டிராக் டயர், ஏற்றிப்போக ஒரு வண்டி. செலவு அதிகம்தான். ஆனால் அந்த வேகத்தில் ஓட்டுகிறவன் அதே டயரில் இரவு வீடு திரும்பக் கூடாது.

வாங்கும்போது அகலத்துக்கு ஆசைப்படாதே. கம்பெனி சொன்ன அளவைவிட அகலமான டயரைக் குறுகிய ரிம்மில் மாட்டினால் அது இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு நடுவில் கூம்பும். சாய்க்கும்போது ஓர ரப்பர் சரியாகத் தரைக்கு வராது. ஆர்15 வண்டியில் முன்னால் சாதாரண பயாஸ் டயர், பின்னால் 140/70 ரேடியல். இது கம்பெனியே அமைத்த சேர்க்கை. இதைத் தலைகீழாக்கி முன்னால் ரேடியல், பின்னால் பயாஸ் என்று மட்டும் போட்டுவிடாதே. அளவை ஒட்டி வரும் எழுத்தையும் பார்: பி என்றால் 150, எஸ் 180, எச் 210 கிலோமீட்டர் வேகம் வரை. ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். நான்கு இலக்கத் தேதியைத் தேடிப் படி. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23வது வாரம். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயமாக்கியதால் சில வெளிநாட்டு டயர்கள் அரிதாகக் கிடைக்கின்றன. அரிது என்பதற்காகவே பழைய சரக்கை முழு விலைக்குத் தலையில் கட்டுவோரும் உண்டு. மதுரையை மூலமாகக் கொண்ட டிவிஎஸ் யூரோகிரிப்பும், திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்து தொடங்கிய எம்ஆர்எஃபும் இப்போது ரேடியல் பைக் டயர் தருகின்றன. உள்ளூர் டயர் என்று இளக்காரமாக நினைக்காமல், உன் அளவில் அண்மைத் தேதியில் கிடைப்பதை ஒப்பிட்டுப் பார்.

புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் 100, 150 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டு. டிராக்குக்கு முந்தைய நாள் மாற்றாதே. ஸ்ட்ரிப் சொருகிப் பங்சர் ஒட்டிய டயரோடு டிராக்கில் இறங்காதே. கடைசி செஷன் முடிந்ததும் டயர் முழுக்க ஆறும்வரை காத்திரு. பட்டனில் கல் சிக்கியிருக்கிறதா, ஓரத்தில் கிழிசல் உண்டா என்று இரண்டு சக்கரத்தையும் சுற்றிப் பார். டிராக்குக்காக இறக்கிய காற்றைக் கம்பெனி சொன்ன அளவுக்குப் பிடித்த பிறகே ஒரகடம் ரோட்டில் ஏறு.

அன்புடன்,
உன் அண்ணன்