பழைய காரைக் கொடுத்துப் புதுசு எடுக்கும்போது

ஷோரூமுக்குள் நுழைந்ததும் கேட்பார்கள்: "எக்ஸ்சேஞ்ச் இருக்கா சார்?" "அதை அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். புது வண்டியின் ஆன்ரோடு விலையையும் தள்ளுபடியையும் பேசி முடித்து, கொட்டேஷனைக் கையில் வாங்கிய பிறகுதான் பழைய வண்டிப் பேச்சு. இரண்டையும் ஒன்றாகப் பேசினால், பழசுக்கு 20,000 ஏற்றிக் கொடுத்துவிட்டுப் புதுசின் தள்ளுபடியில் 30,000 பிடித்துக்கொள்ள வழி கிடைத்துவிடும். ஏற்றினது மட்டும்தான் நம் கண்ணில் படும்.

அதற்கு முன்பே வெளி விலை தெரிந்திருக்க வேண்டும். ஓ.எல்.எக்ஸில் போட்டிருப்பது கேட்கிற விலை, விற்ற விலை அல்ல. உள்ளூர் புரோக்கர் ஒருவர், பழைய கார் வாங்கும் கம்பெனிகள் இரண்டு என்று வண்டியை நேரில் காட்டி விலை கேளுங்கள். இதில் அதிகபட்சம் எதுவோ அதுதான் உங்கள் துருப்புச்சீட்டு.

வண்டியைக் கழுவிக் கொண்டுபோனால் போதும், புதிதாகப் பெயின்ட் அடிக்காதீர்கள். அடித்தால் சந்தேகம்தான் வரும். என் வண்டியைப் பார்க்க வந்தவர் ஓடிய கிலோமீட்டரைக் கூட முதலில் பார்க்கவில்லை. பானெட்டைத் தூக்கி, ஃபெண்டர் போல்ட்டின் தலையை விரலால் தடவினார். அதில் பெயின்ட் லேசாக உரிந்திருந்தது. "கழட்டி மாட்டியிருக்கு சார், ஆக்சிடென்ட் வண்டி" என்று 15,000 குறைத்தார். பம்பர் உரசலுக்குச் செய்த வேலைதான் என்று சர்வீஸ் பில்லை நீட்டிய பிறகு 10,000 திரும்ப ஏறியது. ஆகவே பில் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். டயரையும் நீங்களே பார்த்து வையுங்கள்: பக்கவாட்டில் 2321 என்றிருந்தால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது.

விலை சொல்லும்போது எக்ஸ்சேஞ்ச் போனஸையும் சேர்த்து "மூன்றரை லட்சம்" என்பார்கள். போனஸ் என்பது கார் கம்பெனியின் சலுகை. வண்டிக்கு எவ்வளவு, போனஸ் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வண்டியை வெளியில் விற்று, பெயர் மாற்றிய ஆர்.சி. நகலைக் காட்டினால் போனஸ் உண்டா என்றும் கேளுங்கள். உண்டென்றால் பேரம் முழுக்க உங்கள் பக்கம்.

கடன் முடித்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி., படிவம் 35 இரண்டும் தயாராக இருக்கட்டும். அபராத சலான் பாக்கியைக் கட்டிவிடுங்கள். பலரும் கோட்டைவிடுவது இன்சூரன்ஸில்தான். நோ கிளைம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. தொடர்ந்து 5 வருடம் கிளைம் இல்லாவிட்டால், சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் குறையும். வண்டியை விற்ற ஆதாரத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான சான்று வாங்கினால் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் வெறுமனே கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். தேதியும் நேரமும் போட்ட டெலிவரி நோட் வாங்குங்கள். ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும்வரை, விபத்து நடந்தால் இழப்பீட்டு வழக்கு உங்களைத் தேடி வரும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துக்கொண்டே இருங்கள். சாவியைக் கொடுக்கும் முன் கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டாகை உரித்துவிட்டு, கணக்கையும் மூடிவிடுங்கள்.