மூலைவிட்டமாக்க முடியுமா? ஹெர்மிட்டியன் அல்லாத அணிகளுக்கான சோதனைகள்

ஆற்றலை இழக்கும் அல்லது வெளியிலிருந்து பெறும் குவாண்டம் அமைப்புகளை விவரிக்கும் ஹாமில்டோனியன் பெரும்பாலும் ஹெர்மிட்டியனாக இருப்பதில்லை. ஹெர்மிட்டியன் அணியை எப்போதும் மூலைவிட்டமாக்கலாம். மற்றவற்றைச் சோதித்தே அறிய வேண்டும். எந்தச் சோதனை பொருந்தும் என்பதை, உறுப்புகள் துல்லியமானவையா தோராயமானவையா என்பதே தீர்மானிக்கிறது.

ஓர் இரண்டுக்கு இரண்டு அணியை எடுத்துக்கொள்ளலாம். மூலைவிட்டத்தில் கற்பனை அலகின் +ப, −ப மடங்குகள். மற்ற இரு இடங்களில் க. ஐகன் மதிப்புகள் ±√(க²−ப²). க, ப இரண்டும் மிகை எண்கள்.

மிக எளிய சோதனை, அணியையும் அதன் ஹெர்மிட்டியன் இணையையும் இரு வரிசையிலும் பெருக்கிப் பார்ப்பது. விடைகள் ஒன்றானால் மூலைவிட்டமாக்கலாம். வேறானால் எதுவும் தெரியவராது. மேற்கண்ட அணி இதில் எப்போதுமே தோற்கும். ஆனாலும் க, ப சமமாக இல்லாதவரை ஐகன் மதிப்புகள் வெவ்வேறானவை; அதுவே போதும், மூலைவிட்டமாக்கலாம்.

மதிப்புகள் ஒன்றும்போதுதான் சிக்கல். மீளும் ஒவ்வொரு மதிப்பையும் மூலைவிட்டத்திலிருந்து கழித்து, கிடைக்கும் அணியின் தரத்தைக் காணலாம். அணியின் வரிசையிலிருந்து தரத்தைக் கழித்தால், அம்மதிப்பு மீளும் எண்ணிக்கை வரவேண்டும். க=ப எனில் தரம் 1; இரண்டு வரவேண்டிய இடத்தில் ஒன்றே வருகிறது. மூலைவிட்டமாக்க முடியாது. 1966இல் வெளியான டோசியோ கட்டோவின் நூல் இத்தகைய புள்ளியை விதிவிலக்குப் புள்ளி என்கிறது.

உறுப்புகள் துல்லியமாக இருந்தால் இதைவிடச் சிறந்த வழி உண்டு; ஐகன் மதிப்புகளே தேவையில்லை. சிறப்பியல்புப் பல்லுறுப்புக் கோவையை, அதற்கும் அதன் வகைக்கெழுவுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தியால் வகுத்து, ஈவில் அணியைப் பிரதியிட வேண்டும். பூச்சிய அணி வந்தால் மூலைவிட்டமாக்கலாம், வராவிட்டால் முடியாது. ஐயத்துக்கு இடமே இல்லாத தீர்ப்பு இது.

தோராய எண்களில் இந்த உறுதி குலைகிறது. ப=1 என வைத்து, க-வை 1-லிருந்து 10⁻¹⁶ அளவு நகர்த்தினாலே ஐகன் மதிப்புகள் ஏறத்தாழ 10⁻⁸ விலகிவிடும்; கணினியும் மூலைவிட்டமாக்கலாம் என்று சொல்லிவிடும். எனவே முடியுமா என்று கேட்பதைவிட, முடியாத நிலைக்கு எவ்வளவு அருகில் என்று கேட்பதே சரி. அலகு நீள ஐகன் வெக்டர்களால் ஆன அணியின் நிபந்தனை எண் 10⁸ போலப் பெருத்தால் அந்த மூலைவிட்டமாக்கலை நம்பக்கூடாது. எந்த மதிப்பால் சிக்கல் என்றறிய, அதன் இடது, வலது ஐகன் வெக்டர்களை அலகு நீளமாக்கி உட்பெருக்கம் காணலாம். எந்த ஐகன் மதிப்புக்கு இந்த உட்பெருக்கம் பூச்சியத்தை நெருங்குகிறதோ, அதுவே காரணம். பெரிய அணிகளில் சில ஐகன் வெக்டர்கள் மட்டுமே கிடைத்தாலும் இது உதவும்.

காலப் பரிணாமம் மட்டுமே தேவையென்றால் மூலைவிட்டமாக்கவே வேண்டாம். எந்தச் சதுர அணிக்கும் ஷூர் பிரிப்பு உண்டு. அதைக் கொண்டு, காலப் பரிணாமத்தைத் தரும் அடுக்குக்குறி அணியை நம்பகமாகக் கணிக்கலாம்.