இறப்பர் ஏன் நொறுங்குகிறது?

கேள்வி: எங்கள் அரிசி ஆலையில் மோட்டரையும் கியர் பெட்டியையும் இணைக்கும் கப்ளிங்கின் இறப்பர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நொறுங்குகிறது. வளையும் கப்ளிங்தானே, கொஞ்சம் கோணலாக இருந்தால் என்ன?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: ‘வளையும்’ என்ற சொல்தான் ஆளை ஏமாற்றுகிறது. இறப்பர் தாங்குவது சிறு விலகலையும் தொடக்க உதறலையும்தான். நம் சோம்பலை அல்ல. மோட்டர் நிமிடத்துக்கு 1,450 சுற்று ஓடினால், கோணல் அந்த இறப்பரை மணிக்கு 87,000 தடவை நசுக்கும்.

முதலில் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை உங்கள் சட்டைப்பையில் போடுங்கள். பிறகு மோட்டரின் கால்களைப் பாருங்கள். அநேகமாகக் கள்ளன் அங்கேதான். நான்கில் ஒன்று தளத்தில் படியாவிட்டால், எவ்வளவு நேராக்கினாலும் போல்ட்டை இறுக்கியதும் கோணிவிடும். துருவைச் சுரண்டி, அந்தக் காலடியில் மெல்லிய தகடு வையுங்கள். கியர் பெட்டியை அசைக்காமல் மோட்டரை மட்டும் நகர்த்தி, மேல், கீழ், இரு பக்கம் என நான்கு இடத்திலும் கப்ளிங்கின் இரு பாதிகளுக்கு இடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜால் அளவிடுங்கள். இரு பாதிகளின் மேலும் நேர்விளிம்பை வைத்துப் பாருங்கள். டயல் கேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது. கப்ளிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள், பெயரிங் கெட்டுவிடும்.

சாரன் முனையை இழுக்கக் கப்ளிங்குக்கு ஒரு நொடி போதும். பாதுகாப்பு மூடியைப் பூட்டாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.