25-க்கு 10

தேர்வில் 75-க்கு 52 எடுத்தும் எனக்குச் சான்றிதழ் வரவில்லை. என்பிடெல் இணையவழிப் பாடத்தில் சேரப் போகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். வாராவாரம் அனுப்பும் அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்டில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30, இரண்டும் இருக்க வேண்டும். முதலாவது குறைந்தால், தேர்வில் எத்தனை வாங்கியும் பயனில்லை.

இந்த விதி பாடத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் என்னைச் சேர்த்துவிட்ட பயிற்சி மையத்தில், "அசைன்மென்ட்லாம் காலேஜ் பசங்களுக்கு மேடம், நீங்க எக்ஸாம் மட்டும் எழுதுங்க, போதும்" என்றார்கள். அதற்குக் கட்டணமும் வாங்கினார்கள். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய திட்டம் என்பிடெல். அதன் வீடியோக்களை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். அதே வீடியோக்களைத்தான் அங்கே திரையில் ஓட்டினார்கள். கேட்டால், "ஃபீஸ் வீடியோவுக்கு இல்லை, வழிகாட்டுறதுக்கு" என்றார்கள். அந்த வழிகாட்டலில் எனக்கு அரை வருடம் போனது, தேர்வுக்குக் கட்டிய ஆயிரம் ரூபாயும் போனது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அடுத்த பருவத்தில் நானே பதிவு செய்தேன். எல்லாம் போனிலேயே முடிந்துவிடும்.

வீட்டுக்காரருக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்ட் வேலை. அவரைக் கம்பெனி பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைகள் எழுந்திருப்பதற்குள் படிப்பேன். உங்களுக்கும் அந்த விடியற்காலைதான் கிடைக்கும். ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்; பாத்திரம் கழுவி முடிக்கும்போதே கண் சொருகிவிடும். வீடியோ பாதியில் நின்றாலும் பரவாயில்லை, அசைன்மென்டைக் கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள். எட்டு வாரப் பாடத்தில் நன்றாகச் செய்த ஆறைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரில் கல்யாணம் என்று இரண்டு வாரம் போனாலும் சமாளிக்கலாம். ஆங்கிலப் பேச்சு வேகமாக இருந்தால், பல பாடங்களின் உரை தமிழிலும் கிடைக்கிறது, இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

'ஓசியில் கிடைப்பதற்கு என்ன மதிப்பு இருக்கும்? அதனால்தான் பாதியில் விடுகிறார்கள்' என்று எங்கள் வீட்டிலேயே பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் இணையதளத்தில் நடத்திய பாடங்களில் 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம்தான். அந்தப் பாடங்களுக்கா மதிப்பில்லை? 'இந்த வாரம் முடிச்சியா?' என்று கேட்க ஆளில்லாததுதான் காரணம் என்பேன். எனக்குக் குமணன்சாவடியில் ஒரு தோழி இருந்தாள். ஞாயிறுதோறும் கேட்பாள், சாக்கு சொன்னால் விடமாட்டாள். அப்படி ஒருத்தியைப் பிடித்துக்கொண்ட பிறகு சேருங்கள். இந்த முறை சான்றிதழ் வந்தது. கணக்குப் பிரிவு வேலைக்கான நேர்காணலில் அதைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

யாரிடமும் பணம் கட்டுவதற்கு முன் பாடத்தின் பக்கத்தைத் திறந்து மதிப்பெண் விதியை நீங்களே படித்துவிடுங்கள். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தேர்வுக் கட்டணத்தில் சலுகை உண்டு. பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள்.