இராம்கிங்கரும் மூன்று பெண்களும்

மழைக்காலத்தில் கூரை ஒழுகும். புதிதாக வேய்வதற்குக் கையில் பணம் இராது. எண்ணெய் வண்ணம் பூசிய கித்தானில் தண்ணீர் இறங்காது என்பது ஓவியருக்குத் தெரியும். ஆகவே, தாம் வரைந்து வைத்திருந்த படங்களையே எடுத்துக் கூரையை அடைத்துவிடுவார். இருத்விக் கட்டக் 1975ஆம் ஆண்டில் படம்பிடித்து, முடிக்காமலேயே மறைந்துபோன ஆவணப் படத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். இன்று அத்தகைய ஒரு படத்தின் விலையில் ஒரு தெருவுக்கே மாடி கட்டலாம்.

இவ்வாறு வாழ்ந்தவர் சாந்திநிகேதனத்து இராம்கிங்கர் பைஜ் (1906–1980). ஓவியர், சிற்பி என்னும் இரண்டு பெயருக்கும் உரியவர். இந்தியச் சிற்பக் கலையைப் புதுமைக்குத் திருப்பியவர்களுள் முதல்வர் என்று அறிஞர் அவரைப் போற்றுவர். அவருடைய கலையைப் பற்றி எழுதியவர்கள் பலர். அவர் வாழ்வில் வந்த பெண்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்களைப் 'பித்தன் ஒருவனின் காதற் கதைகள்' என்ற அளவிலேயே நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் நிறைவு இல்லை. அக்குறையே இக்கட்டுரைக்குக் காரணம்.

வங்காளத்துப் பாங்குரா நகரில் நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர் இராம்கிங்கர். இளமையில் நாடகத் திரைச்சீலைகள் எழுதினார். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் விடுதலைப் போராட்டத் தலைவர்களின் உருவங்களை வரைந்தார். பத்திரிகையாசிரியர் இராமானந்த சட்டர்ஜி அவருடைய திறமையைக் கண்டு 1925இல் சாந்திநிகேதனத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே நந்தலால் போஸ் ஆசிரியர், மேலே தாகூர். மாணவராகச் சேர்ந்தவர் ஆசிரியராகி அங்கேயே தங்கிவிட்டார். 1970இல் பத்மபூஷண் விருது வந்தது. கூரை விருதுக்குப் பின்னும் ஒழுகிற்று என்பதை மேலே சொன்ன படம் காட்டுகிறது.

நம் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் அறியாதவர் இல்லை. களிமண்ணைக் குழம்பாகக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் மண் படியும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை கிடைக்கும். உலர்த்திச் சூளையில் வைப்பார்கள். ஓர் அச்சிலிருந்து ஒரே முகமுள்ள பொம்மைகள் வந்துகொண்டே இருக்கும். இராம்கிங்கரின் வேலை இதற்கு நேர்மாறானது. வெண்கலம் வார்க்கப் பணமில்லை. எனவே இரும்புக் கம்பிகளால் எலும்புக்கூடு போல ஒன்றைக் கட்டி, சிமெண்டையும் அவ்வூர்ச் செம்புறைக் கல்லின் பொடியையும் குழைத்து அதன்மேல் கையாலேயே அள்ளி அப்புவார். சிமெண்டு காத்திருக்காது. இறுகுவதற்குள் உருவம் வந்தாக வேண்டும். அவ்வளவு விரைவில் பிறந்ததுதான் 1938ஆம் ஆண்டின் 'சந்தால் குடும்பம்': காவடித்தண்டு தோளில் ஏற்றிய ஆண், உடன் நடக்கும் பெண், குழந்தை, நாய். ஆலைச் சங்கு கேட்டு ஓடும் பெண்களைக் காட்டும் 1956ஆம் ஆண்டின் 'ஆலை அழைப்பு' மற்றொன்று. அரசரையும் தெய்வத்தையும் பேருருவில் நிறுத்திய நாட்டில், கூலிக்குப் போகிறவர்களை அந்த அளவில் நிறுத்தியவர் அவர். அச்சுக்கு அடங்காத கை அது. வாழ்க்கையும் அப்படியே அமைந்தது.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம் வாழ்வில் பெண்கள் வந்ததை மறைக்கவுமில்லை. அவர்களுள் மூவரை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன். மூவரையும் காதலியர் என்று ஒரே பட்டியலில் அடைக்க வேண்டா. மூவரும் அவருடைய கலைக்கு உருவம் தந்தவர்கள் என்பதே நான் காணும் ஒற்றுமை.

1935இல் அவர் சமைத்த சிமெண்டுச் சிற்பம் 'சுஜாதை'. மரங்களுக்கிடையே தானும் ஒரு மரம்போல ஒல்லியாக நெடிது நிற்கும் பெண்ணுருவம். தலையிலுள்ள பாயசக் கலம் முதலில் இல்லை. நந்தலால் போஸ் சொன்ன பிறகே அது ஏறியது. ஏறியதும் மாணவி ஒருத்தியின் உருவம் புத்தருக்குப் பாயசம் அளித்த சுஜாதை ஆகிவிட்டது. அம்மாணவி சென்னையில் பிறந்த ஜயா அப்பாசாமி என்பர். நம் நாட்டுப் பெண்! அவர் சிற்பமாக நின்றதோடு நின்றுவிடவில்லை. ஓவியரானார், கலை வரலாற்றறிஞரானார், மராட்டியர் காலத்துத் தஞ்சாவூர் ஓவியங்களைப் பற்றி நூல் எழுதினார். பிறர் கண்ணுக்குப் பொருளாக இருந்தவர், பிறகு கலைகளைத் தம் கண்ணால் மதிப்பிட்டார்.

இரண்டாமவர் மணிப்பூர் மன்னர் சுராசந்த் சிங்கின் மகள் பினோதினி தேவி (1922–2011). 1940களின் இறுதியில் சாந்திநிகேதனத்தில் இராம்கிங்கரிடம் கலை பயின்றார். அவரை இராம்கிங்கர் மீண்டும் மீண்டும் வரைந்தார். அந்த ஓவியங்களில் ஓர் இளவரசியின் அலங்காரத்தைத் தேடினால் கிடைக்காது. ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்தான் இருக்கிறாள். நாவிதர் மகன் ஆசிரியர், மன்னர் மகள் மாணவி. சாந்திநிகேதனத்துக்கு வெளியே அந்நாளில் இருவரும் ஒரே பாயில் அமர்ந்திருக்க முடியுமா என்பது ஐயமே.

பினோதினி ஊர் திரும்பினார். மணிப்புரி மொழியின் பெரும் எழுத்தாளர் ஆனார். வெள்ளைக்கார அதிகாரியை மணந்த அரச குலப் பெண் சனாதோம்பியைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1979இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. பெரிய துரையின் மனைவி என்று ஊரார் பேசிய பெண்ணுக்குள் புகுந்து அவள் மனத்தைச் சொல்லும் நூல் அது. அதற்கு முன்பே, 1960களில், 'அசங்பா நோங்ஜாபி' என்ற நாடகத்தை எழுதியிருந்தார். அதன் நாயகன் ஒரு கலைஞன்! ஓவியர் பெண்ணைத் தீட்டினார். பெண் கலைஞனைத் தீட்டிவிட்டார்.

நம் ஊர்த் தலபுராணக் கதை ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. குரு நமசிவாயர் சிதம்பரம் செல்லும் வழியில் இங்கே தங்கினார். பசி. விருத்தாம்பிகையைக் 'கிழத்தி' என்று விளித்துச் சோறு கேட்டுப் பாடினார். அம்மை கிழவியாகவே வந்து, கிழவியால் சோறு கொண்டுவர எப்படி இயலும் என்று கேட்டாளாம். பிறகு அவர் இளையவளாகப் பாட, இளம்பெண்ணாக வந்து அமுது படைத்தாள். பாலாம்பிகை சந்நிதியைக் காணும்போதெல்லாம் இக்கதையைப் புலவரின் பெருமையாகவே சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கோ அம்மையின் வாதமே பெரிதாகத் தோன்றுகிறது. பாடப்பட்டவள் நேரில் வந்து, பாடியது சரியில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

மூன்றாமவர் இராதாராணி. வீட்டு வேலை செய்து வந்த எளிய பெண். கணவன்–மனைவி என்ற முத்திரை இல்லாமலே இராம்கிங்கரோடு வாழ்ந்தார், அவருக்காக உருவம் காட்டி அமர்ந்தார், சமைத்தார், இறுதிவரை உடனிருந்தார். சாந்திநிகேதனம் எவ்வளவு விரிந்த மனம் படைத்த இடமாயினும் ஊர் ஊர்தான். மணமாகாமல் ஓர் ஆசிரியருடன் வாழும் வேலைக்காரப் பெண்ணை அது எந்தக் கண்ணால் பார்த்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். அவருக்கு அது பித்தரின் சுதந்திரம். இவருக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் இடத்தில் கேட்கும் பேச்சு. ஒரே வீட்டில் ஒரே மீறலைச் செய்த இருவருக்கும் கிடைத்த பெயர் ஒன்றல்ல. கூரையில் ஓவியம் செருகியதை ஓவியரின் விசித்திரம் என்று வியக்கிறோம். அந்தக் கூரையின்கீழ் அடுப்பை நனையாமல் காத்தது யார் என்று கேட்பதில்லை.

அகத்திணையில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் விதி. பெயர் வந்தால் அது புறமாகிவிடும். தமிழ்த்துறை மாணவர்க்கு இது பாலபாடம். அவ்விதி காதலர் இருவரையும் ஒருசேரக் காக்கிறது. ஒருவர் பெயரைக் கல்வெட்டில் பொறித்துவிட்டு மற்றவர் பெயரை மட்டும் அகமாக வைக்கச் சொல்லவில்லை. கலைஞர் வரலாறுகள் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன. ஜயாவும் பினோதினியும் கல்வி பெற்றவர்கள், எழுதினார்கள், ஆகையால் தப்பினார்கள். இராதாராணியைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பிறர் வாய்ச்சொல். நம் கல்லூரியில் பயில்வோர் பலருடைய தாய்மார்களும் பாட்டிமார்களும் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இராம்கிங்கரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. உழைக்கும் பெண்ணின் முதுகையும் தோளையும் அவரளவு மதிப்போடு செதுக்கியவர் அரியர். அந்த மதிப்பை அவர் எங்கே கற்றார் என்றுதான் கேட்கிறேன். வயலில் கண்ட சந்தால் பெண்களிடம் மட்டுமா? விடியுமுன் எழுந்து வேலை பார்த்த ஒருத்தி அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

1980இல் நோயுற்றுக் கல்கத்தா மருத்துவமனையில் கிடந்தபோதும் அவர் கை ஓயவில்லை. கொஞ்சம் களிமண்ணைப் பிசைந்து சிறியதொரு துர்க்கை உருவம் செய்தார். அதுவே கடைசிச் சிற்பம். ஆகஸ்டு 2ஆம் நாள் காலமானார்.