வெள்ளம் வருமுன் இறங்குதளம் பார்ப்போம்

ஹெலிகொப்டரின் இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்கு குழிக்கு ஓடிய காலம் எம்மில் பலருக்கு இன்னும் மறக்கவில்லை. அந்தச் சத்தத்தை விரும்புங்கள் என்று நாம் யாரையும் கேட்கப் போவதில்லை. ஆனால் 2004 டிசம்பரில் கடல் பொங்கிக் கரையோர வீதிகளும் பாலங்களும் அழிந்தபோது மருந்தும் உணவும் கொண்டுபோனவற்றுள் ஹெலிகொப்டரும் ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் மலைநாட்டு வீதிகள் மண்ணுக்குள் புதைந்தபோதும் இலங்கை, இந்திய ஹெலிகொப்டர்கள் சனங்களை மீட்டன. வீதி அறுந்த ஊரிலே பிரசவ வலியோடு இருக்கும் தாய்க்கும் பாம்பு கடித்த பிள்ளைக்கும் அதுவே கடைசி வழியாக இருக்கலாம்.

அது வந்தால் எங்கே இறங்கும்? இதை விமானி தீர்மானிப்பார் என்று நாம் நினைக்கிறோம். கடைசித் தீர்மானம் அவருடையதுதான். ஆனால் எந்த வயல் புதையும், எந்தத் திடல் வெள்ளத்திலும் மேலே நிற்கும், எந்தப் பற்றைக்குள் பாழ்கிணறு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. நிலத்தில் உழைத்தவருக்குத்தான் தெரியும். ஆகவே இறங்குதளம் பார்ப்பது ஊரவரின் வேலை. அதுவும் மண் காய்ந்திருக்கும் நாளில் செய்ய வேண்டிய வேலை.

நேரே ஏறி நேரே இறங்குமா?

ஹெலிகொப்டர் நின்ற இடத்திலிருந்தே மேலே கிளம்பும் என்பது உண்மை. ஆனால் அப்படி ஏறுவதற்கு இயந்திரத்தின் சக்தி மிக அதிகமாகத் தேவைப்படும். பாரம் கூடினால், வெயில் கூடினால், இடம் மலைப்பாங்காக இருந்தால் சக்தி போதாமல் போகும். சூடான காற்றும் உயரத்துக் காற்றும் அடர்த்தி குறைந்தவை. விசிறிக்குப் பிடிமானம் குறையும்.

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1944 ஏப்ரலில் பர்மாக் காட்டில் சிக்கிய ஒரு விமானியையும் மூன்று பிரித்தானியப் படைவீரரையும் கார்ட்டர் ஹார்மன் என்ற அமெரிக்கர் சிகோர்ஸ்கி ஆர்-4 வகை ஹெலிகொப்டரில் மீட்டார். போர்க்களத்தில் ஹெலிகொப்டரால் நடந்த முதல் மீட்பு அதுவே. அந்த வெக்கையிலும் உயரத்திலும் இயந்திரத்தால் ஒரு தடவைக்கு ஒருவரை மட்டுமே தூக்க முடிந்தது. நால்வருக்கும் நான்கு தடவை போய்வர வேண்டியிருந்தது.

இன்றைய இயந்திரங்கள் பலம் கூடியவை. என்றாலும் விதி மாறவில்லை. கிளம்பும்போது விமானி சில அடி உயர்ந்து, முன்னோக்கி வேகம் எடுத்து, பிறகு சாய்வாக ஏறவே விரும்புவார். முன்னே போகப் போக விசிறிக்குப் புதிய காற்றுக் கிடைக்கும். தூக்கும் பலமும் கூடும். இறங்கும்போதும் சாய்வாகவே வருவார். நேரே கீழே விரைவாக இறங்கினால், தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே இயந்திரம் அமிழ்ந்து விழக்கூடும். ஆகவே நாம் தேடுவது வெறும் நிலத்துண்டு அல்ல. அந்த நிலத்துக்கு வந்துபோக வானத்தில் ஒரு பாதையும் வேண்டும்.

1. எவ்வளவு நிலம்?

விசிறிகள் சுழலும்போது முன் நுனியிலிருந்து பின் நுனி வரை உள்ள நீளமே அடிப்படை அளவு. இலங்கை விமானப்படை பயன்படுத்தும் பெல் 212 வகைக்கு அது ஏறத்தாழ 17½ மீற்றர். பெரிய எம்.ஐ. 17 வகைக்கு ஏறத்தாழ 25 மீற்றர். தயார் செய்யப்படாத இடத்தில் பகலில் இறங்குவதற்கு இந்த நீளத்தின் இரு மடங்கு சதுர நிலம் வேண்டும் என்பது அவசர மருத்துவ ஹெலிகொப்டர் சேவைகளில் வழங்கும் கணக்கு.

அதன்படி பெல் 212 இறங்க 35 மீற்றருக்கு 35 மீற்றர், அதாவது ஏறத்தாழ 5 பரப்பு வேண்டும். எம்.ஐ. 17 இறங்க 50 மீற்றருக்கு 50 மீற்றர், ஏறத்தாழ 10 பரப்பு வேண்டும். எது வரும் என்று முன்கூட்டித் தெரியாதபடியால் 10 பரப்பு நிலத்தையே தேடுவது நல்லது. அநேகமான பாடசாலை விளையாட்டு மைதானங்களில் இவ்வளவு இடம் இருக்கும்.

2. வானத்துப் பாதை

ஹெலிகொப்டர் காற்றை எதிர்த்தே இறங்கும், காற்றை எதிர்த்தே கிளம்பும். வடக்கு கிழக்கில் பெருவெள்ளம் வருவது வாடைக் காலத்தில். வாடை வடகிழக்கிலிருந்து வீசும்போது ஹெலிகொப்டர் தென்மேற்கிலிருந்து வந்து இறங்கி, வடகிழக்கு நோக்கிக் கிளம்பும். எனவே இந்த இரு பக்கமும் வெளியாக இருக்க வேண்டும். சூறாவளி நேரத்தில் காற்று திசை மாறும் என்பதையும் மறக்கக்கூடாது.

எவ்வளவு வெளி போதும்? எட்டுக்கு ஒன்று என்று கணக்குப் பாருங்கள். பாதையில் 60 அடிப் பனை நின்றால், அது தளத்தின் விளிம்பிலிருந்து 480 அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். மரத்தின் உயரத்தை ஏறாமலே அளக்கலாம். 6 அடித் தடியொன்றை நிமிர்த்தி நட்டு அதன் நிழலை அளவுங்கள். அதே நேரத்தில் மரத்தின் நிழலையும் அளவுங்கள். தடியின் நிழல் 3 அடி, மரத்தின் நிழல் 30 அடி என்றால் மரம் 60 அடி.

மரம் இடைஞ்சல் என்றவுடன் தறிக்க வேண்டாம். தளத்தைச் சற்று நகர்த்தினாலே பாதை திறக்கக்கூடும். மரத்தைவிட ஆபத்தானது மின்கம்பி. மேலிருந்து பார்க்கும் விமானிக்கு மரம் தெரியும், கம்பி தெரியாது. கம்பி குறுக்கே போகும் இடத்தை விட்டுவிடுங்கள்.

3. தரை

முதற் கேள்வி: வெள்ளத்தில் இந்த இடம் மேலே நிற்குமா? கடந்த பெருவெள்ளங்களில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அந்த ஊரில் நெடுங்காலம் இருந்த முதியவர்களிடம் கேளுங்கள். ஆவணியில் அழகாகத் தெரியும் வயல் கார்த்திகையில் குளமாகிவிடும்.

இரண்டாவது: பாரம் தாங்குமா? எம்.ஐ. 17 முழுப் பாரத்தோடு 13,000 கிலோ வரை வரும். அதுவும் சில்லுகளில் நிற்கும். மழை பெய்து ஓய்ந்தபின் பாரம் ஏற்றிய லொறியை அந்த நிலத்தில் ஓட்டிப் பாருங்கள். சில்லுப் புதைந்தால் அந்த நிலம் ஆகாது.

மூன்றாவது: சமமா? 100 அடிக்கு 3 அடிக்குமேல் சரிவு வேண்டாம். மேசன்மார் பாவிக்கும் நீர்மட்டக் குழாயால் இதை அளக்கலாம். வரம்பு, அடிக்கட்டை, கல், குழி எதுவும் இருக்கக்கூடாது. கட்டில்லாத கிணறு அருகிலும் இருக்கக்கூடாது.

நான்காவது: கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்படாத காணியைப் பார்க்கவே வேண்டாம். அங்கே கால் வைத்து அளக்கவும் வேண்டாம்.

4. விசிறிக் காற்று

இயந்திரத்தைத் தூக்கிப் பிடிக்க விசிறி தன் பாரத்துக்கு ஈடாகக் காற்றைக் கீழே தள்ள வேண்டும். முழுப் பாரத்தோடு நிற்கும்போது அந்தக் காற்று மணிக்கு 80 கிலோமீற்றர் அளவு வேகம் கொள்ளும். அது தரையில் மோதி எல்லாப் பக்கமும் பரவும்.

முகாமில் இருப்போர் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். தறப்பாள், கிடுகு, கூரைத் தகரம் எல்லாவற்றையும் அது கிளப்பிவிடும். பறந்த தறப்பாள் விசிறியில் சிக்கினால் இயந்திரம் விழும். பறந்த தகரம் ஆளை வெட்டும். ஆகவே கொட்டில்கள் தளத்திலிருந்து குறைந்தது 200 அடி தள்ளி இருக்கட்டும். அடுப்பு நெருப்பை அணைத்துவிடுங்கள். வைக்கல், உரப்பை, சருகு எதையும் அண்டையில் விட வேண்டாம். புழுதித் தரையானால் தண்ணீர் தெளித்து வையுங்கள். புழுதி எழும்பினால் விமானிக்குத் தரை தெரியாது.

முகாமில் வெறுமையாகக் கிடக்கும் நிலத்தில் புதிதாக வரும் குடும்பம் கொட்டில் போடுவது இயல்பு. அவர்களைக் குறைசொல்ல முடியாது. அதனால்தான் இந்த 10 பரப்பும் எதற்காக என்று முதலிலேயே எல்லோருக்கும் சொல்லி, எல்லைக்குக் கயிறு கட்டி விடவேண்டும். சாதாரண நாட்களில் பிள்ளைகள் அங்கே விளையாடலாம்.

5. அடையாளம்

நடுவிலே சுண்ணாம்பால் ஆங்கில எச் எழுத்தைப் போடுங்கள். சர்வதேச வழக்கில் அதன் உயரம் 3 மீற்றர், அகலம் 1.8 மீற்றர், கோட்டின் தடிப்பு 40 சென்ரிமீற்றர். வெள்ளைத் துணியை விரித்து எச் போட வேண்டாம், அது பறந்துவிடும்.

தளத்துக்கு வெளியே, பாதைக்கு இடைஞ்சல் இல்லாத மூலையில் ஒரு தடி நட்டு, நிறமான நீளத் துணியொன்றை இறுகக் கட்டுங்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்று விமானிக்கு அது சொல்லும்.

6. இறங்கிய பின்

எல்லோரும் 200 அடிக்கு அப்பால், ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகளைக் கையில் பிடித்திருங்கள். விமானியோ பணியாளரோ சைகை காட்டும்வரை எவரும் கிட்டப் போகக்கூடாது. போகும்போது விமானியின் கண்ணுக்குத் தெரியும்படி முன்பக்கமாகக் குனிந்து செல்லுங்கள். பின்பக்கம் போகவே வேண்டாம். அங்கே சுழலும் வால் விசிறி கண்ணுக்குத் தெரியாது, ஆளைக் கொன்றுவிடும். தரை சரிவென்றால் மேட்டுப் பக்கத்தால் போகாதீர்கள். அங்கே மேல் விசிறி தலைக்குக் கிட்ட வரும். காவுகட்டில், தடி போன்றவற்றை இடுப்பளவில் படுக்கையாகக் கொண்டு போங்கள். தொப்பி, சால்வை, குடை வேண்டாம்.

காணி யாருடையது?

காணியை இழந்து அலைந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வரும், வரவும் வேண்டும். முதலில் பொது மைதானத்தையே பாருங்கள். தனியார் காணிதான் பொருத்தம் என்றால் சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் ஒரு கல்லையும் நகர்த்த வேண்டாம். எந்த மாதங்களுக்கு, எதற்காக என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயிர் நிற்கும் நிலத்தைத் தவிர்க்கவும்.

தகுந்த இடம் கிடைத்ததும் அதன் அகலாங்கு நெட்டாங்கைக் கைத்தொலைபேசியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு, மரங்கள், கம்பிகள் உள்ள பக்கம் ஆகியவற்றை ஒரு படமாக வரைந்து, கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கொடுங்கள். ஆபத்து வேளையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அழைக்கும்போது இந்த விபரம் கையில் இருக்கட்டும்.

எந்த இடமும் கிடைக்காத ஊரும் உண்டு. அங்கே கயிற்றால் தூக்குவார்கள். 2000ஆம் ஆண்டு மொசாம்பிக் வெள்ளத்தில் மரத்தின்மேல் பிள்ளை பெற்ற தாயைத் தென்னாபிரிக்க ஹெலிகொப்டர் அப்படித்தான் குழந்தையோடு மீட்டது. ஆனால் கயிற்றில் ஒருவர் ஒருவராகவே ஏற்ற முடியும். தரையில் இறங்கினால் ஒரே தடவையில் பலரை ஏற்றலாம், மூடைகளையும் இறக்கலாம். நாம் அளந்து வைக்கும் 10 பரப்பின் பெறுமதி அதுதான்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

1. எமது இடத்தில் பெருவெள்ளத்திலும் நீர் ஏறாத 10 பரப்பு வெளி எது?
2. அதன் வடகிழக்கிலும் தென்மேற்கிலும் நிற்கும் மரங்களின் உயரமும் தூரமும் என்ன? கம்பி எங்கே போகிறது?
3. கர்ப்பிணிகள், நடக்க முடியாதோர், நோயாளர் எங்கே இருக்கிறார்கள்? அவர்களைத் தளம்வரை யார், எந்த வழியால் கொண்டுவருவது?
4. சனத்தைத் தள்ளி நிறுத்தும் பொறுப்பை ஏற்கும் நால்வர் யார்?
5. புரட்டாதி முடிவதற்குள் சுண்ணாம்பு, தடி, துணி, கயிறு ஆகியவற்றை யார் வீட்டில் வைப்பது?